எட்ட இருப்பவரின் ஓட்டு

1995 பிப்ரவரி மாதக் கடைசியில் எட்டுப் பேர் மின்னஞ்சல் வழியாக ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையம் வெளியிட்டிருந்த இணைய சர்வர் மென்பொருளை வைத்துத் தத்தம் தளங்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதை எழுதிய ராப் மெக்கூல் முந்தைய ஆண்டே மையத்தைவிட்டுப் போய்விட்டதால், பிழை கண்டால் திருத்த அங்கே ஆளில்லை. ஆளுக்கொரு பக்கம் ஒட்டுப்போட்டு வைத்திருந்த திருத்தங்களை ஓரிடத்தில் சேர்க்கலாம் என்று தொடங்கிய வேலை, ஏப்ரலில் அப்பாச்சி என்ற பெயரில் வெளிவந்தது. அடுத்த ஓராண்டுக்குள் உலகில் மிக அதிகமான தளங்கள் அதில்தான் ஓடின.

எட்டுப் பேருக்கும் பொதுவான முதலாளி கிடையாது, அலுவலகம் கிடையாது. சிலர் அமெரிக்காவில், சிலர் பிரிட்டனில். ஒரு திருத்தத்தைச் சேர்க்கலாமா கூடாதா என்பதை மின்னஞ்சலில் ஓட்டுப் போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். சம்மதம் என்றால் +1, மறுப்பு என்றால் -1. மறுப்பவர் தொழில்நுட்பக் காரணத்தை எழுதியாக வேண்டும். வெறுமனே பிடிக்கவில்லை என்பது செல்லாது. 1999-இல் அப்பாச்சி அறக்கட்டளையாக வளர்ந்த அந்த அமைப்பின் நடைமுறையில் இன்றும் ஒரு வரி இருக்கிறது: ஓட்டெடுப்பு பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும். ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கலாம், ஒருவருக்கு வார விடுமுறையாக இருக்கலாம், ஒருவர் ரயிலில் போய்க்கொண்டிருக்கலாம். அந்தந்த நேரத்தில் யார் கண்முன் இருக்கிறாரோ அவர் சொல்லே முடிவாகிவிடக்கூடாது என்பதற்காக மூன்று நாள் காத்திருக்கச் சொல்கிறது அந்த விதி.

தொலைவிலிருந்து வேலை என்றதும் நம் பேச்சு வீடியோ அழைப்பு, நெட் வேகம், வீட்டில் குழந்தைகளின் சத்தம் என்று போய்விடுகிறது. இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகள். ஒரு குழுவை உண்மையில் முறிப்பது, முடிவு எடுக்கும் அறைக்குள் இருப்பவர்கள், முடிவைக் கேட்டுக்கொள்பவர்கள் என்று அது இரண்டாகப் பிரிவதுதான். தூரம் அந்தப் பிரிவினைக்கு வசதி செய்து கொடுக்கிறது. வெற்றிகரமாக நடக்கும் தொலைதூரக் குழுக்களைப் பார்த்தால், அவை இந்த ஒரு விஷயத்துக்கு எதிராகத்தான் ஏதோ ஒரு வகையில் விதிகளைக் கட்டிவைத்திருக்கின்றன.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை ஐடி கம்பெனிகளில் வேலை பார்த்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. சான்பிரான்சிஸ்கோவில் காலை 9 மணி என்றால் சென்னையில் கோடையில் இரவு 9.30, அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் நவம்பர் முதல் 10.30. அந்த நேரத்து ஸ்டேட்டஸ் காலில் சென்னைக்காரர்கள் தாங்கள் செய்து முடித்ததைச் சொல்வார்கள். அடுத்து என்ன செய்வது, எதைக் கைவிடுவது என்பதெல்லாம் அங்கே மதியச் சாப்பாட்டின்போது பேசி முடிவாகி, மறுநாள் ஒரு டிக்கெட்டாக வந்து சேரும். ஏன் அந்த முடிவு என்று டிக்கெட்டில் இருக்காது. கேட்டால் பதில் வர ஒரு நாள் ஆகும். நாலு முறை கேட்டவர், ஐந்தாவது முறை சொன்னதைச் செய்துவிட்டுப் போவார். ஆஃப்ஷோர் குழுவுக்கு ‘ஓனர்ஷிப்’ இல்லை என்று அப்ரைசலில் எழுதுகிறார்களே, அது பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறது.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. எம்ஐடியின் தாமஸ் ஆலன் 1977-இல் வெளியிட்ட நூலில், இரண்டு பொறியாளர்களின் இருக்கைகளுக்கு இடையே உள்ள தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது சரசரவென்று குறைவதைக் காட்டினார். ஐம்பது மீட்டருக்குள்ளேயே அந்தக் கோடு தரையைத் தொட்டுவிடுகிறது. அதாவது, ஒரே கட்டடத்தின் மறுகோடியில் இருப்பவரும் ஏறத்தாழ எட்ட இருப்பவர்தான். மென்பொருளில் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மாக்கஸ் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. பல ஊர்களில் பிரிந்து கிடந்த ஒரு நிறுவனத்தின் நிரல் மாற்றப் பதிவுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் முடியும் வேலையைவிட, இடங்களுக்கு இடையே பகிர்ந்த வேலைக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு நாள் பிடித்தது.

இந்த இரண்டரை மடங்கை மட்டும் மேற்கோள் காட்டி, எல்லோரும் ஆபீசுக்கு வாருங்கள் என்று சொல்பவர்கள் அதே ஆய்வின் அடுத்த முடிவைப் படிப்பதில்லை. தாமதம் நேரடியாகத் தூரத்தால் வரவில்லை. பகிர்ந்த வேலைகளில் அதிகம் பேர் கைவைக்க வேண்டியிருந்தது; ஆள் கூடக்கூட நாள் கூடியது. அப்படியானால், தூரத்துக்கு ஏற்றபடி வேலையைப் பிரிக்கத் தெரிந்தால் தாமதம் குறைய வேண்டும் அல்லவா? இதே இருவர், அப்பாச்சியின் ராய் ஃபீல்டிங்கோடு சேர்ந்து 2002-இல் எழுதிய இன்னொரு ஆய்வில் அதற்கான விடையில் பாதி கிடைக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் பங்களித்த அப்பாச்சியில், 80 சதவீதத்துக்கு மேற்பட்ட மாற்றங்களைச் செய்தவர்கள் முதல் 15 பேர் மட்டுமே. மையம் சிறியது. பிழை கண்டு சொல்பவர்களின் வட்டம்தான் மிகப் பெரியது. ஒரு பகுதியின் முடிவுக்கு ஊரெல்லாம் கூட வேண்டியதில்லை.

மீதிப் பாதி லினக்ஸில் இருக்கிறது. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக அறிவித்த அந்தக் கர்னல் (இயங்குதளத்தின் உள்மையம்), இன்று ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு காண்கிறது. ஒவ்வொன்றிலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள். 1,500-க்கு மேற்பட்ட கைகள். பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் போட்டியான கம்பெனிகளில் சம்பளம் வாங்குபவர்கள். டோர்வால்ட்ஸ் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். இவ்வளவையும் எந்த மேலாளர் ஒருங்கிணைக்கிறார் என்று தேடினால், கர்னல் நிரலோடு சேர்ந்தே வரும் ஒரு கோப்புதான் கிடைக்கும். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, திருத்தத்தை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் அது. நிறுவனத்தின் பேச்சு வழிகள் எப்படியோ அப்படித்தான் அது கட்டும் மென்பொருளும் அமையும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். லினக்ஸ்காரர்கள் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நிரலைப் பகுதிபகுதியாகப் பிரித்ததால் பேச்சும் பகுதிக்குள் அடங்குகிறது.

அங்கே ஒரு திருத்தம் எப்படி வருகிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். அது ஒரு மின்னஞ்சல். தலைப்பில் கர்னலின் எந்தப் பகுதி, என்ன மாற்றம் என்று ஒரே வரி. உள்ளே காரணம்: என்ன கோளாறு, எந்தச் சூழ்நிலையில் தலைகாட்டுகிறது, வேறு வழிகள் இருக்க இதை ஏன் தேர்ந்தேன். அதற்குக் கீழேதான் நிரல். சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி, நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி. இடையில் கையொப்ப வரிகள்: எழுதியவர், பார்வையிட்டவர், ஓட்டிச் சோதித்தவர், ஏற்று மேலே அனுப்பியவர். 2003-இல் லினக்ஸ் நிரலின் உரிமையை முன்வைத்து எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குப் போட்டதை ஒட்டி, எந்த வரி யார் வழியாக வந்தது என்று காட்டுவதற்காக மறு ஆண்டு புகுந்தது இந்தக் கையொப்பம். வழக்குக்காக வந்த ஏற்பாடு, குழுவின் ஞாபகமாகிவிட்டது. பத்து ஆண்டு கழித்து ஒரு வரியைப் பார்த்து “இதை எவன் எழுதினான், ஏன்?” என்று எரிச்சலாகும் ஒருவர், 2005-இல் டோர்வால்ட்ஸ் கர்னல் வேலைக்கென்றே எழுதிய கிட் கருவியில் ஒரு கட்டளை கொடுத்தால் போதும், காரணம் வந்து நிற்கும். எழுதியவரைத் தேடி எந்த அறைக்கும் போக வேண்டியதில்லை.

தமிழர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னெடுத்த மதுரைத் திட்டத்தில், பழந்தமிழ் நூல்களை உள்ளிட்டவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்கள் இருக்கும். கர்னலின் கையொப்ப வரிக்கு முன்பே வந்த கையொப்பம் அது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதப் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்தார்கள். கிரந்த எழுத்து வேண்டுமா, ஊர்ப் பெயரை இலங்கை வழக்கில் எழுதுவதா தமிழ்நாட்டு வழக்கில் எழுதுவதா என்ற சண்டைகள் அங்கே மாதக்கணக்கில் நடந்திருக்கின்றன. சண்டை எழுத்தில் இருப்பதால், நேற்றுச் சேர்ந்தவரும் பழைய வாதங்களைப் படித்துவிட்டே வாய் திறக்கலாம்.

எழுத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது. நேரில் கத்தினால் அறையோடு போகும். பொது மின்னஞ்சலில் கத்தினால் ஆயிரக்கணக்கானவர்கள் படிப்பார்கள், அழியவும் அழியாது. டோர்வால்ட்ஸின் வசைகள் அந்த வட்டாரத்தில் வெகு காலம் வீரக்கதைகளாகச் சொல்லப்பட்டன. 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கி இருந்தார். கர்னலுக்கு நடத்தை விதிகள் வந்தன. அதற்குள் எத்தனை பேர் தங்கள் முதல் திருத்தத்தை அனுப்பாமலே போனார்கள் என்று எந்தப் பதிவும் சொல்லாது.

கம்பெனிகளுக்கு வருவோம். நிரலைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப் என்ற நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகமே கிடையாது. உக்ரைனில் ஒருவர் 2011-இல் தொடங்கிய நிரலும், நெதர்லாந்துக்காரர் ஒருவரின் வியாபார யோசனையும் சேர்ந்து வளர்ந்து, 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அதன் கையேடு அச்சிட்டால் 2,000 பக்கத்துக்கு மேல் வரும். விடுப்பு எடுப்பதிலிருந்து விலை நிர்ணயம் வரை, பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பாதிப் பேர் ஒரே அறையிலும் மீதிப் பேர் திரையிலும் இருக்கும் கூட்டத்தை அவர்கள் வெறுக்கிறார்கள். ஒருவர் திரையில் வந்தால் எல்லோரும் தனித்தனித் திரையில் வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அசட்டுத்தனமாகத் தெரியலாம். அறையில் இருக்கும் நாலு பேர் தங்களுக்குள் சிரிக்கும்போது திரையில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு அது அசட்டுத்தனமாகத் தெரியாது.

ஆனால் கையேடு எழுதினால் எல்லாம் நடந்துவிடாது என்பதற்கும் இதே நிறுவனம்தான் சாட்சி. 2017 ஜனவரி 31 இரவு, தளத்தில் குப்பைக் கணக்குகளின் சுமை ஏறி, முதன்மைத் தரவுதளத்துக்கும் அதன் நகலுக்கும் தொடர்பு விட்டுப்போனது. நெதர்லாந்தில் நள்ளிரவை நெருங்கும் நேரம். வேலையை முடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டிய பொறியாளர், கோளாறு தீரட்டும் என்று இருந்தார். நகலைச் சுத்தமாக அழித்து மறுபடி எடுக்கலாம் என்று அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்த இடம் முதன்மைச் சர்வர். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிச்சம்.

காப்பு நகல்களைத் தேடினார்கள். தினமும் எடுக்கப்பட வேண்டிய நகல், கருவியின் பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படவே இல்லை. அது தோற்றுவிட்டது என்று சொல்லும் மின்னஞ்சல்கள், அனுப்புநர் சரிபார்ப்பு இல்லாததால் திருப்பி அடிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் காப்பாற்றியது, அதே பொறியாளர் வேறு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். இடைப்பட்ட நேரத்தில் பதிவான ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் போனது போனதுதான். மீட்புக் குறிப்புகளைப் பொதுவில் திறந்துவைத்து, வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். அந்தப் பொறியாளரைப் பலிகொடுக்கவில்லை. பின்னர் வெளியிட்ட விசாரணை அறிக்கை, காப்பு நகல் வேலை செய்கிறதா என்று சோதிக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள்; எல்லோருக்கும் பொதுவானதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. லினக்ஸின் அந்தப் பெயர்ப் பட்டியல் இங்கேதான் தேவைப்பட்டது.

வீட்டிலிருந்து வேலை செய்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற பயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் நிக்கோலஸ் புளூம் குழுவினர் 2010–11-இல் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். விருப்பப்பட்டவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையைவிட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதே அளவு வேலை செய்த அலுவலகத்துக்காரரைவிட, வீட்டிலிருந்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. உழைப்பு எண்ணாக அளக்கப்படும் கால் சென்டரிலேயே இந்தக் கதி. அந்தக் கம்பெனியே பின்னாளில் 1,612 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் வீடு, மற்ற நாள் அலுவலகம் என்று சோதித்தது. 2024-இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வில் வித்தியாசம் தெரியவில்லை. எல்லோரும் குறிப்பிட்ட நாள்களில் கண்முன் வந்தபோது இரண்டு வகுப்பு உருவாகவில்லை என்று இதைப் படிக்கலாம்.

புதிதாகச் சேர்பவர்கள் விஷயத்தில் என்னால் அவ்வளவு நம்பிக்கையாக இருக்க முடியவில்லை. எமானுவல், ஹாரிங்டன், பாலே என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். சில குழுக்கள் முழுக்க ஒரே கட்டடத்தில். சில, சில தெரு தள்ளியிருந்த இரண்டு கட்டடங்களில் பிரிந்திருந்தன. ஒன்றாக இருந்தவர்களின் நிரலுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக விமர்சனக் குறிப்புகள் கிடைத்தன. அதிகம் பயன்பெற்றவர்கள் இளையவர்கள். 2020-இல் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இன்னொன்றும் கண்டார்கள். குழுவில் ஒரே ஒருவர் எட்ட இருந்தாலும், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தருவதுகூடக் குறைகிறது. சொல்லித் தருவது மூத்தவரின் நேரத்தைத் தின்கிறது என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது: பக்கத்தில் இருந்தால் அவர் எழுதும் நிரல் குறைகிறது. ஆகவே, ‘வீட்டில் இருந்தால் என் வேலை கூடுகிறது’ என்று மூத்தவர் சொல்வது பொய்யில்லை. அந்தக் கூடுதல், கற்றுக்கொள்ள வேண்டியவரின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. மூத்தவரின் வாரத்தில் சில மணி நேரத்தை இதற்கென ஒதுக்காத, அதை அவருடைய அப்ரைசலில் சேர்க்காத கம்பெனி, எத்தனை கருவி வாங்கினாலும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது.

நம்பிக்கையும் எட்ட இருந்து எளிதில் வளர்வதில்லை. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தன் கணினியில் பாதுகாப்பு நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிப் பார்த்து, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருப்பதை அறிவித்தார். வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பிப் பொறுப்பாளர் இடத்துக்கு உயர்ந்தவர். தனி ஆளாகக் கருவியைப் பராமரித்துச் சோர்ந்திருந்தவரை, வேறு பெயர்களில் வந்த மின்னஞ்சல்கள் ‘முடியவில்லையென்றால் பொறுப்பைக் கொடு’ என்று நச்சரித்தன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை வெளியாகவில்லை. எழுத்தை மட்டுமே நம்பும் உலகத்தில், எழுத்தைப் பொறுமையாகப் போலி செய்பவர் வெகுதூரம் போகலாம்.

லினக்ஸை வைத்து டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினருக்கு, எழுத்தை மட்டும் நம்பாத ஒரு பழைய பழக்கம் உண்டு. மாநாட்டில் நேரில் சந்தித்து, பாஸ்போர்ட்டை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதன்பின்தான் ஒருவர் இன்னொருவரின் மின்சாவிக்குச் சான்றளிப்பார். 2000-இல் பிரான்சின் போர்தோவில் தொடங்கிய அவர்களின் ஆண்டு மாநாடு 2023-இல் கொச்சிக்கு வந்தது. அதே டெபியனின் சோதனைப் பதிப்புக்குள்ளும் எக்ஸ்இசட் கதவு நுழைந்தது. வெளியாளின் நிரலுக்குப் பாஸ்போர்ட் கேட்க முடியாது. இருந்தாலும் கர்னல்காரர்கள் 2001 முதல் நேரில் கூடுகிறார்கள்; வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக், ஆள் வராததால் சான்பிரான்சிஸ்கோ அலுவலகத்தை 2017-இல் மூடிய அதே நிறுவனம், ஊழியர்களை ஓரிடத்தில் கூட்டுவதற்குப் பணம் செலவழிக்கிறது. அலுவலக வாடகையை மிச்சம் பிடித்து, விமான டிக்கெட்டையும் மறுத்தால் அது வெறும் செலவுக் குறைப்புத் திட்டம்.

இனி சம்பளம். கிட்லேபில் ஒரே வேலைக்கு, ஊழியர் வசிக்கும் ஊரைப் பொறுத்து ஒரு பெருக்கு எண் உண்டு. உள்ளூர்ச் சந்தையில் அந்த வேலைக்கு என்ன கிடைக்குமோ அதை ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள். பேஸ்கேம்ப் நடத்தும் 37சிக்னல்ஸ், ஊழியர் எங்கே இருந்தாலும் சான்பிரான்சிஸ்கோ சந்தை விலையில் சம்பளம் என்று வைத்திருக்கிறது. ஆள் நூறுக்கும் குறைவாக இருந்த கம்பெனிக்கு அது சாத்தியம். ஆயிரக்கணக்கில் இருப்பவர்கள் நம்மால் ஆகாது என்பார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஓட்டிலும் திரையிலும் சமமாக நடத்தப்பட்ட கோயம்புத்தூர்ப் பொறியாளர், வேலையில் சேரும் கடிதத்தில் முதலில் தேடுவது அந்தப் பெருக்கு எண்ணைத்தான். அது எவ்வளவு இறங்கினால் அவர் வேறு இடம் பார்ப்பார் என்பதைச் சந்தை விலைப் பட்டியல்களை வைத்து மனிதவளத் துறையும் கணக்குப் போட்டு வைத்திருக்கும்.